டிரைவர் மேல் தப்பில்லை

போன ஞாயிறு அபிராமபுரத்தில் மாடிப்படி ஏறும்போதே மூக்கைத் துளைத்தது, ஈயம் உருகும் வாசனை. முப்பது வருஷத்துக்கு முன் வசந்தா அக்காவின் பட்டுப்புடவையில் ஓட்டை போட்டதே, அதே வாசனை! நண்பன் சேது மறுபடி எதையோ பற்றவைத்துக்கொண்டிருக்கிறான்...

வசந்தா அவன் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். ஊரையெல்லாம் பேசவைத்தவள். நாலு மாதமாக அவளுக்கே பேச்சில்லை. பக்கவாதம் வந்து வலது கையையும் சொற்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

சேது சும்மா இருப்பானா? தன் கிண்டி ஆபீஸிலிருந்து ஒரு தொடுதிரையை இரவல் வாங்கி வந்திருந்தான். காபிப் படத்தைத் தொட்டால் "காபி வேணும்" என்று கம்ப்யூட்டர் சொல்லும். எட்டுப் படம், எட்டு வாக்கியம். எல்லாம் சேதுவின் கட்டைக் குரலில். அக்காவுக்குச் சரிப்பட்டால் திரை இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் திங்கள் காலை கிண்டிக்குத் திரும்பிவிடும்.

ஒரு சிக்கல். அவன் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். விரல் பட்டதை அதற்குப் புரியவைக்கும் டிரைவர் ரெடிமேடாக வராது. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக வைத்திருப்பதை எடுத்து, நாமே கம்பைல் செய்யணும். அதாவது, மாவு தரமாட்டார்கள். அரிசியும் உளுந்தும் தருவார்கள். ஊறவைத்து அரைப்பது உங்கள் பாடு!

அரைத்தான். எழுத்துகள் ஐப்பசி மழையாகத் திரையில் கொட்டின. ஓய்ந்தன. இருட்டிலிருந்து ஒரு பிள்ளையார் உதித்தார்.

"நல்ல காரியமாச்சேன்னு நான்தான் வச்சேன். அவரைத் தொட்டா படமெல்லாம் வரும். தொடு அக்கா!"

அவளது இடது கை எழுந்தது. திரை வரை போனது. நடுங்கியது. ஒன்றும் நடக்கவில்லை.

"மெல்லிசாத் தொடறா. டிரைவருக்கு உறைக்கலைடா" என்று அதில் ஏதோ ஓர் அளவைக் குறைத்தான் சேது. மறுபடி கம்பைல், மறுபடி மழை, மறுபடி பிள்ளையார், மறுபடி அந்த நடுக்கம். மூன்றாம் முறை, அக்கா கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான்..." சேதுவின் குரல் இறங்கிவிட்டது.

தரை துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி கன்னியம்மா நிமிர்ந்தாள். "இன்னா சார் நீ! மெஷினு நல்லாத்தான் கீது. அக்கா எங்க தொட்ச்சி? பீச்சாங்கையால புள்ளையார எப்டி சார் தொடும்?"

அக்கா ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர், உதட்டோரம் பாதிச் சிரிப்பு.

சேது திரையைப் பார்த்தான், நானும்தான். விரலைப் பார்த்தவள் கன்னியம்மா ஒருத்தி. நாம் கழற்றி மாட்டுகிற முக்கால்வாசி இடத்தில் பழுதே இருப்பதில்லை, இல்லையா?

பிள்ளையார் திரையை விட்டு இறங்கினார். அதற்கு கம்பைல் தேவைப்படவில்லை! எட்டுப் படமும் வந்தன. அக்கா தொட்டாள். "காபி வேணும்." பிறகு விரலால் என்னைக் காட்டிவிட்டு, திரும்ப அதையே தொட்டாள். "காபி வேணும்." நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு விருந்தாளியை உபசரிக்கிறாள்!

கிளம்பினேன். வழியனுப்ப வந்த சேது வாசலிலும் விடவில்லை. கெர்னல், போர்ட், அடுத்த வெர்ஷன்... செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு காலில் சாய்ந்தேன், மறு காலில் சாய்ந்தேன். ஆள் ஓய்வதாக இல்லை.

உள்ளேயிருந்து அவன் குரலே அவனை அதட்டியது. ஃபேனுக்கென்று அவனே பதிந்து வைத்த எட்டாவது வாக்கியம்:

"போதும், நிறுத்து!"