திருப்பித் தராத வாளி

போன கோடையில், சுற்றுலா வருபவர்களுக்குச் சவாரி விட என் குதிரையைச் செங்கத்திலிருந்து வண்டியில் ஏற்றி மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோனேன். கிளம்பும்போதே அது இருமியது, உடம்பும் சுட்டது. சீசன் போய்விடுமே என்று, தூசியும் வெயிலும்தான் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேலே போனதும் ஊர்ப் பொதுத் தொட்டியில் அதற்குத் தண்ணீர் காட்டினேன். சற்று நேரத்தில், புளி மூட்டை சுமக்கும் தன் சினைக் குதிரையை ஓர் அக்கா அங்கே ஓட்டி வந்தார். அது தொட்டிக்குள் தலையைத் தாழ்த்தியபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, குடிக்க வுடாதீங்க. என் குதிரைக்குக் காய்ச்சல். தெரிஞ்சேதான் இதுல குடிக்க வுட்டேன்."

"இன்னா மனுசன்யா நீ?" என்றவர், குதிரையை இழுத்துக் கட்டிவிட்டுத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினார். அந்த வறட்சியில் அவ்வளவு தண்ணீரும் மண்ணில் ஓடியது. என்னைத் துரத்தப்போகிறார் என்று நின்றேன்.

அவரோ வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து என் குதிரைக்கென்று தள்ளி வைத்தார். "வாளிய நீயே வச்சுக்க. காய்ச்சலோட அத மறுபடி வண்டில ஏத்தாத. எங்க தோப்புல தனியா கட்டு, டாக்டர வரச் சொல்றேன்."

தொற்றும் வைரஸ் காய்ச்சல் என்றார் டாக்டர். மூன்று வாரத்தில் என் குதிரை தேறியது. அக்காவின் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாகக் குட்டி போட்டது.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் என் குதிரை அந்த வாளியில் மட்டும்தான் குடிக்கிறது.