சான்று தேவை

கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். பின்னேரத்தில் கொஞ்ச நேரம் கிடைத்தால் இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பக்கங்களில் எழுதுவேன். பெரிய எழுத்தொன்றும் இல்லை. குளங்களைப் பற்றி, பறவைகளைப் பற்றி எழுதுவேன், மற்றவர்கள் விட்ட எழுத்துப் பிழைகளைத் திருத்துவேன். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பதுதான் அந்த இடத்தின் முறை. எழுதுகிறவர்கள் தங்களை அறிமுகப்படுத்த ஆளுக்கொரு பக்கம் உண்டு. என் பக்கத்தில் "ஆசிரியை, கிளிநொச்சி" என்று மட்டும் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் அவள் எனக்கு எழுதினாள்.

"ரீச்சர், நானும் கிளிநொச்சிதான். ஆஸ்பத்திரியில நேர்ஸ். நேற்று நான் ஒரு பக்கம் எழுதினனான். இண்டைக்குப் பார்த்தா அதுக்கு மேல ஒரு பெட்டி போட்டு, அழிக்கப் போறம் எண்டு எழுதியிருக்கினம். நான் என்ன பிழை செய்தனான் எண்டு ஒருக்கால் பார்த்துச் சொல்லுவீங்களோ?"

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். "எங்கட குடும்பம் வன்னிக்கு வந்த கதை" என்பது தலைப்பு. முதல் வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: "என்ர அப்பாவுக்குக் குளிர்தான் பிடிக்கும், ஆனா காலம் அவரைக் கொண்டுவந்து விட்டது வன்னி வெயிலுக்குள்ள." மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லய வரிசை வீடொன்றில் பிறந்த மனிதர். தமிழரைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு லொறியில் வந்து அக்கராயன் பக்கம் இறங்கியவர். முதல் மாரிக்குக் கொட்டில் ஒழுகியிருக்கிறது. பாம்பு வந்திருக்கிறது. திரும்பிப் போய்விடுவோம் என்று மனைவி அழுதபோது அவர் ஒரு பலாக்கன்றை நட்டுவிட்டு, "இது காய்க்கட்டும், அப்புறம் போவோம்" என்றாராம். போகவில்லை. அங்கேதான் இவள் பிறந்தாள். அப்பாவின் முதல் திவசம் முடிந்த கையோடு, மறந்துபோக முன் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ஃபோனில் எதைத் தேடினாலும் முதலில் வருவது அந்தக் கலைக்களஞ்சியம்தான். அதனால் அங்கேயே எழுதிவிட்டாள்.

வாசித்து முடித்ததும் திரும்ப முதல் வரியிலிருந்து வாசித்தேன். கலைக்களஞ்சியக் கட்டுரையாக அது நிற்காது. நல்ல எழுத்து என்பதிலும் சந்தேகமில்லை. நம்பர் வாங்கி அவளுக்குக் கோல் எடுத்தேன்.

"இது அழியத்தான் போகுது தங்கச்சி. சொந்தக் குடும்பத்தைப் பற்றி நாங்களே எழுதக்கூடாது. அதோட, எதை எழுதினாலும் அச்சில வந்த சான்று ஒண்டு காட்டோணும்."

"அப்ப அச்சடிச்ச ஆக்களின்ர கதைதான் கதையோ, ரீச்சர்?"

"வேற இடத்தில அப்பிடியில்லை. இஞ்ச அப்பிடித்தான். கேள்விப்பட்டதை எழுதலாம் எண்டு விட்டா, நாளைக்கு ஆரும் எதையும் எழுதிப்போட்டுப் போவினம்."

"விளங்குது" என்றாள். "வார்டிலயும் டொக்டர் எழுதாத மருந்தை நாங்கள் குடுக்க ஏலாது."

அந்தப் பேச்சிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எழுதியதைப் பிரதி எடுத்து வைக்கச் சொன்னேன். எடுத்து வைத்தாள். இரண்டொரு நாளில் பக்கம் அழிந்தது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்துப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். இவள் போகவில்லை. "அப்ப எதில எழுதலாம், சொல்லுங்கோ" என்று கேட்டாள்.

அவளுடைய கிராமத்துக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தது. யாரோ எப்போதோ தொடங்கிவிட்ட சின்னப் பக்கம். குளம், வயல், பள்ளிக்கூடம், அதன் பிறகு, "யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேறிய விவசாயக் குடும்பங்கள் இங்கு வசிக்கின்றன" என்று ஒரு வரி. அவள் அதை வாசித்துவிட்டு, "ரீச்சர், இதில நாங்கள் எங்க?" என்று கேட்டாள். பிறகு என்னிடம் சொல்லாமலே, "மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும்" என்று அந்த வரியில் சேர்த்துவிட்டாள். மத்தியானத்துக்கு முன்னரே ஒருவர் அதை எடுத்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் "சான்று தேவை" என்று இருந்தது.

அவள் வார்டில் நின்றபடியே எனக்குச் செய்தி அனுப்பினாள். "நான்தான் சான்று. உயிரோட நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ அந்தாளுக்கு."

அந்தச் சனிக்கிழமை ஸ்கூட்டியில் அவளுடைய வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் ஓரமாகச் செம்மண் ரோட்டு. அவள் வேலிப் படலையடியில் நின்றாள். நான் நினைத்ததைவிட இளையவள், முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே அவளுடைய அம்மா எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சரம்மா, உக்காருங்க."

என்னோடு எங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழில் கதைத்தவள், அம்மாவின் பக்கம் திரும்பியதும் "டீச்சருக்குச் சாயம் போடுறீங்களாம்மா?" என்று வேறு தமிழில் கேட்டாள். அது அவளுக்கே தெரியாமல் நடந்தது. சாயம் என்று அவர்கள் சொல்லும் அந்த வெறும் தேத்தண்ணி, கடையில் வாங்குகிற அதே தேயிலைத் தூளில் போட்டதுதான். ஆனால் நான் போட்டால் ஒருநாளும் அந்த நிறம் வராது.

அம்மா எங்களுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. நானும் கீழே இறங்கி இருந்தேன்.

"இவ என்னமோ எழுதுறாளாம். யாரு படிப்பாங்க அத?"

"ஆரும் படிக்கலாம் அம்மா. உலகத்தில எங்க இருந்தாலும்."

"அதான் பயமா இருக்கு" என்றார். "காணிக்கு இன்னும் பத்திரம் ஒண்ணும் கையில குடுக்கல. ஆபீசுக்கு நடந்துகிட்டே இருக்கோம். வந்த கதைய எழுதிப் போட்டா, வந்தவங்கதானே, எந்திரிங்கன்னு சொல்லிட்டா?"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டி மறித்தேன். அந்தப் பயத்தை இல்லையென்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எங்கள் அப்பா குடாநாட்டிலிருந்து வந்தபோது அரசாங்கத்தில் குளத்தின் கீழ் வயற்காணி கொடுத்து, அனுமதிப்பத்திரமும் கொடுத்துத்தான் இருத்தினார்கள். யாரும் எழும்பச் சொல்லுவார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பயந்ததில்லை.

"உங்கட பேர் வராது அம்மா. வீடு, காணி ஒண்டும் வராது. இந்த ஊரில ஆர் ஆர் இருக்கினம் எண்டு சொல்லுற இடத்தில, நீங்களும் இருக்கிறீங்கள் எண்டு ஒரு வரி வரும். அதுவும் உங்களுக்கு விருப்பம் எண்டாத்தான்."

அவர் யோசித்தார். "ஒரு வரின்னா சரி" என்றார்.

அந்த ஒரு வரிக்காக நாங்கள் ஒரு மாரி முழுவதும் தேடினோம். பள்ளிக்கூடத்தில் பழைய பதிவுகள் போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டன. எங்கள் குடும்பங்களில் யாராவது செத்தால் முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடிப்போம். செத்தவரின் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் அதில் இருக்கும். அவளுடைய ஆட்களிடம் அந்த வழக்கம் இல்லை. கடைசியில் எங்கள் பழைய புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் பண்ணி வைத்திருக்கிற ஒரு இணைய நூலகத்தில் தேடத் தொடங்கினோம். நான் என் வீட்டு மேசையிலும், அவள் வேலைக்குப் போய்வருகிற பஸ்ஸிலுமாகத் தேடினோம். அந்த ஸ்கான்களில் ஊர்ப் பெயரை அடித்துத் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். எனக்கு அலுத்துப்போய் விட்டுவிடுவோமோ என்று நினைத்த நாட்களில், "ரீச்சர், நான் அடுத்த இதழுக்குப் போறன்" என்று அவளிடமிருந்து செய்தி வரும். பிறகு நான் எப்படி விடுவது?

கண்டுபிடித்தது அவள்தான். ஒரு பழைய சஞ்சிகையில் வன்னிக் குடியேற்றங்கள் பற்றிய கட்டுரை. அதில் ஊரின் பெயர் சொல்லி, "மலையகத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்த குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன" என்று இருந்தது. அவள் கத்தியதில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பயந்துபோனாராம்.

சான்றை எப்படிக் கோர்ப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். வரி ஏறியது. இந்த முறை யாரும் எடுக்கவில்லை. ஆனால் வீட்டில் வாசித்துக் காட்டியபோது அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"அடைக்கலம் தேடி வந்தோமா? யாரு சொன்னா? வயல்ல வேலைக்கு ஆளு வேணும்னு கூட்டியாந்தாங்க. நாங்க வந்தது வேல செய்ய. காட்ட வெட்டுனோம், நாத்து நட்டோம், கதிரு அறுத்தோம். சும்மா வந்து குந்தல."

மகள் என்னைப் பார்த்தாள். அச்சில் உள்ளதைத்தான் எழுதலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அம்மா சொல்வது சரி என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வயலிலும் அப்படி வந்தவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"ஆமா, இருந்திருப்பாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, என் கோப்பையை வாங்கித் திரும்ப நிரப்பிக்கொண்டு வந்தார்.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடல் பக்கம் ஒன்று இருக்கிறது. எழுதுகிறவர்கள் ஆளோடு ஆள் வாதாடுகிற இடம். அங்கே சான்று இல்லாமலும் கதைக்கலாம். அம்மாவின் சம்மதத்தோடு, அவர் சொன்னதை, பெயர் இல்லாமல், அவருடைய பேச்சிலேயே அவள் அங்கே எழுதினாள். கீழே, "கட்டுரையில் உள்ள வரி அச்சில் உள்ளபடி சரி. ஆனால் வந்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். வேறு சான்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். அப்படிக் கேட்கலாம் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொஞ்ச நாளுக்குப் பிறகு பதில் வந்தது. எழுதியது, முதல் முறை அவளுடைய வரியை எடுத்த அதே ஆள். நோர்வேயில் இருக்கிறவராம், முல்லைத்தீவுப் பக்கம் பிறந்தவராம். "தங்கச்சி, அண்டைக்கு நான் விதிப்படிதான் செய்தனான். ஆனா அம்மா சொன்னதை வாசிச்சாப் பிறகு சும்மா இருக்க முடியேல்லை" என்று தொடங்கி, தான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தேடியதாகவும், வன்னியில் மலையகத் தமிழரின் கூலி உழைப்பைப் பற்றி ஒரு மாணவி செய்த ஆய்வு ஒன்று அகப்பட்டதாகவும் எழுதியிருந்தார். தேவையான பக்கங்களையும் குறித்திருந்தார். அதில் வேலைக்காகக் கூட்டிவரப்பட்டதும், காடு வெட்டியதும், பிறகு அங்கேயே தங்கியதும் தெளிவாக இருந்தன. முகமே தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அவர் பேசாமல் விட்டிருந்தால் கேட்க ஆள் இல்லை.

ஒரு வரியாக இருந்தது பல வரிப் பந்தியானது. "அடைக்கலம்" என்ற சொல்லையும் அவள் அழிக்கவில்லை. சில எழுத்துகள் அப்படிச் சொல்கின்றன, ஆய்வு இப்படிச் சொல்கிறது என்று இரண்டையும் வைத்தாள். நான் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினேன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் நாளுக்கு என்னையும் வரச் சொன்னாள். மகள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசித்தாள். அம்மா ஒரு முறை முழுவதும் கேட்டார். திரும்ப வாசிக்கச் சொன்னார்.

"காட்ட வெட்டுனோம்னு இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப சரி. அப்பா கேட்டிருந்தா ஊரெல்லாம் போயிச் சொல்லியிருப்பாரு" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகள் இப்போது என்னைவிடக் கூட எழுதுகிறாள். பாம்புக் கடி, நீர்வெறுப்பு நோய் என்று ஆஸ்பத்திரி அறிவெல்லாம் நல்ல தமிழில் வருகிறது. புதிதாக வந்து முதல் பக்கமே அழிபட்ட ஆட்களைக் கண்டால் முதலில் அவர்களுக்குச் செய்தி அனுப்புவது அவள்தான். அப்பாவைப் பற்றி எழுதியதைத் தனியே ஒரு சின்னப் புத்தகமாக வவுனியாவில் அச்சடிக்க, கைக்குழந்தையாக லொறியில் வந்த அண்ணனோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். பிழை பார்க்க எனக்கு அனுப்பியிருக்கிறாள். முதல் வரியில் கை வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வாசித்துக் காட்டிய அன்றைக்கு நான் வெளிக்கிட எழும்பியபோது அம்மா என்னை மறித்தார்.

"எங்க கதைய இவ்வளவு கேட்டீங்களே டீச்சரம்மா. நீங்க எப்படி வந்தீங்க இங்க? அத யாரும் எழுதியிருக்காங்களா?"

எங்கள் ஆட்களைப் பற்றி அந்தப் பக்கத்தில் முதலிலிருந்தே ஒரு வரி இருந்தது. ஆனால் எப்படி வந்தோம் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் பிள்ளைகள்கூட. நான் திரும்பக் கீழே இருந்துகொண்டேன். எங்கள் அப்பா, கதவு கழன்ற ஒரு அலுமாரியையும் மாட்டையும் ஒரே லொறியில் ஏற்றிக்கொண்டு வந்ததில் தொடங்கினேன். மாடு அலுமாரிக்குள் தலையை விட்ட இடத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்புறம்?" என்று கேட்டார்.