கோடைக்கு மட்டும் திறக்கும் தீவு

தப்பு, ராபின். உன் அப்பா அந்தத் தீவில் வாழவில்லை, வேலை பார்த்தார். இரண்டும் ஒன்றல்ல. கடலைப் பார்த்தபடி மெதுவாக வாழ்ந்தார் என்கிறாய். மெதுவாக நடந்தது உண்மை. ஊர் முழுக்கப் படிக்கட்டு, தலையில் அடுத்தவன் பெட்டி. நீயாக இருந்தால் நடந்தே இருக்க மாட்டாய். இப்போது நீ எதிரில் இல்லை, குறுக்கே பேச முடியாது. வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போடுவதற்குள் நான் எழுதி முடித்தாக வேண்டும்.

நாம் குடியேறிய இந்தக் கேட்டி ஊரில் ராபினின் அப்பா சூசை அண்ணனை அறிந்தவர்கள் எல்லோரும் இதைப் படிக்கட்டும். அவர் போன செய்தி வந்தபோது நான் இந்தியக் கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து, கடைக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அண்ணனின் மருமகள், ராபின் மனைவி ஷீலாதான் கூப்பிட்டாள். "அங்கிள், மாமா தூக்கத்துலயே போயிட்டாங்க." திட்டிக்கொண்டிருந்த கடைக்காரரே நாற்காலி எடுத்துப் போட்டார். அறுபதைத் தாண்டியும் என்னை 'லே' என்று கூப்பிட ஒருவர் இருந்தார், இனி இல்லை.

அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, நீலக் கடல், தட்டு நிறைய மீன். எடுத்தவன் நான். கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் தீவு, அங்கே ஒரு ஓட்டல். காலையில் இருவரும் பெட்டி தூக்குவோம், மாலையில் பாத்திரம் கழுவுவோம். அந்தச் சட்டை பரிமாறுகிறவனுடையது. மீன், யாரோ விருந்தாளி தொடாமல் விட்டுப்போனது. "சீக்கிரம் எடுலே, முதலாளி வந்தா மீனோட சேத்து என்னையும் வறுத்துருவான்" என்றார். படம் தூத்துக்குடியில் இருந்த அண்ணன் மனைவிக்கும் சின்னப் பையன் ராபினுக்கும் போனது. அங்கே, படம் எடுத்த அந்த ஓட்டல் மாடி, அப்பா குடியிருக்கும் வீடாக ஆகிவிட்டது. போனிலும் அவர் கடல், வெயில், மீன் என்றுதான் பேசுவார். "ஏண்ணே இப்படிப் புளுகுறீங்க?" என்று சீண்டினால், "என் அழுகையக் கேக்கவாலே அவ அடுத்த வீட்டு போனுக்கு ஓடி வாரா?" என்பார்.

கோடை முடிந்ததும் விருந்தாளிகள் கிளம்பிவிடுவார்கள். முதலாளியும் ஓட்டலைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். தீவே மூடிவிடும். வேலை இல்லை, கூலி இல்லை. எங்களுக்கு அறை கொடுத்திருந்த மரியா அம்மாளின் பென்ஷன் மாதப் பாதியிலேயே தீர்ந்துவிடும். சுவரெல்லாம் ஈரம். ஒரு குளிர்காலத்தில் அந்த அம்மாள் சாப்பாட்டு மேசை நாற்காலிகளை ஒவ்வொன்றாக உடைத்து எரித்தாள். கடைசி நாற்காலியை அண்ணன் பிடுங்கி வைத்துக்கொண்டார். "இதுல அந்தம்மா உக்காரட்டும். நாம நின்னுக்கிட்டுக் குளிரலாம்" என்றார்.

அண்ணனின் போன பிறந்தநாளுக்கு ராபின் எங்களை ஒரு மெடிட்டரேனியன் ரெஸ்டாரன்டுக்குக் கூட்டிப்போனான். மெழுகுவர்த்தி, மெல்லிய பாட்டு. தட்டில் வந்தது அவித்த கீரையும் பயறும் காய்ந்த ரொட்டியில் பிழிந்த தக்காளியும். அண்ணன் என் காதில், "லே, நாம பஞ்சத்துல தின்னத இங்க ரிசர்வ் பண்ணித் திங்கான்" என்றார்.

"எப்படிப்பா, ஓல்ட் டேஸ் ஞாபகம் வருதா?" என்று கேட்டான் ராபின்.

"அப்படியே வருதுடா" என்று சொல்லி எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டார். பார்க்கிங்கில் நான், "இப்பவாவது சொல்லிடுங்கண்ணே" என்றேன். "பிள்ளை ஆசையா கூட்டியாந்திருக்கான். வாயப் பொத்திக்கிட்டு வா" என்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயில் ஹாலில் பிரியாணிக்கு வரிசையில் நின்றபோது ராபின் மைக்கில் அறிவித்ததை நீங்களும் கேட்டீர்கள். வேலையை ரிசைன் பண்ணுகிறானாம். இங்குள்ள வீட்டை விற்கிறானாம். அப்பாவின் தீவில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு போய்விடுகிறானாம். எல்லோரும் கைதட்டினீர்கள். தட்டாதவள் ஷீலா ஒருத்திதான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை ஸைன் பண்றார். என் வேலை, பிள்ளைங்க ஸ்கூல் எல்லாம் போச்சு. நான் பேசினா, அப்பா கனவை நீ மதிக்கலங்கறார். நீங்க சொல்லுங்க, ப்ளீஸ்."

ராபினை இழுத்து உட்கார வைத்தேன். "என்னடா, தீவுக்கு ராஜாவாப் போறியாமே? குளிருக்கு எரிக்க எத்தனை நாற்காலி வாங்கியிருக்க?"

"ஜோக் வேண்டாம் அங்கிள். அப்பா சந்தோஷமா இருந்தது அங்க மட்டும்தான். அவரே சொல்லியிருக்கார்."

"சொன்னாரு. போன்ல."

"இன்னிக்கு முப்பதாம் நாள், அங்கிள்." அவன் குரல் உயர்ந்தது. "இன்னிக்குப் போய் எங்கப்பாவைப் பொய்யன்னு சொல்றீங்களா?"

அதற்குமேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. சட்டை, மீன், நாற்காலி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் மேசை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"பொய்யன் இல்லடா உங்கப்பா. குளிர்காலத்துல எப்பவாவதுதான் கப்பல் வரும். மாவும் அதுலதான், அந்தம்மாவுக்கு மருந்தும் அதுலதான். காத்து அடிச்சா அதுவும் இல்ல. பகலெல்லாம் துறைமுகத்துல நின்னுட்டு வெறுங்கையோட வருவாரு. உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு ஒரு தடவ சிரிச்சுப் பாப்பாரு. சரியா வரலன்னா இன்னொரு தடவ. அப்புறம்தான் கதவத் தட்டுவாரு. உங்கப்பாகிட்ட இருந்து நான் வச்சிருக்கறது அந்தச் சிரிப்பு மட்டும்தான்டா. இப்பவும் என் பொண்ணு வீட்டுக் கதவத் திறக்கறதுக்கு முன்னாடி நான்…"

ராபின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஷீலாவைத் தாண்டி, போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு நடந்தான். நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். கண்ணாடிக் கதவு மூடுவதற்குள், தீவில் வீடு விற்கும் தரகரிடம் அவன் இங்கிலீஷில் கேட்டது எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான்: ஜனவரி மாதத்தில் அந்த வீட்டில் யாராவது இருந்திருக்கிறார்களா?