பக்கத்து வீட்டைக் கொட்டிய குளவிகள்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு சன்ஷேடுக்கு அடியில் குளவிகள் பெரிய கூடு கட்டியிருந்தன. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாம் என்றார் கணவர். இதற்குப் போய் அவர்களைக் கூப்பிடுவதா என்று எனக்குத் தோன்றியது. அவர் மில்லுக்குப் போனதும், கம்பில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றிக் கொளுத்திக் கூட்டில் நீட்டினேன். குளவிகள் மொத்தமாகக் கிளம்பின. நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திவிட்டேன்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வி அக்காவை நான் நினைக்கவே இல்லை.

அலறல் கேட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். அக்காவின் முகமெல்லாம் வீங்கியிருந்தது. "ஏட்டி, மூச்சு முட்டுது" என்றார். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். உடனே ஊசி போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

சாயங்காலம் மூச்சு சீரானது. "நான்தான்க்கா கூட்டைக் கொளுத்தினேன்" என்று அழுதேன். அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஒன்னயும் கொட்டிருக்கே, நீ ஊசி போட்டியாட்டி?" என்று கேட்டார்.

இப்போது சின்னக் கூடு தெரிந்தாலும் நான் தொடுவதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்கிறேன். அவர்கள் வந்து சேருவதற்குள் அக்கம்பக்கத்துக் கதவுகளையெல்லாம் தட்டிச் சொல்லிவிடுகிறேன்.