மாமாவின் கதிரையும் நான் செய்த இலக்குத் தாங்கியும்

கலியாணம் முடித்துப் பாலையூற்றில் மனைவி வீட்டில் குடியிருக்க வந்த புதிதில், மாமா என்னோடு நேரே கதைப்பதில்லை. புது மருமகனுக்கு அவர் காட்டிய மரியாதை அது. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவார். நான் பக்கத்திலேயே நின்று கேட்பேன். என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று எனக்குப் பெரிய ஏக்கம்.

அப்போது நான் துறைமுகத்தில் கிளாக்கர். ஞாயிறுகளில் எங்கள் துப்பாக்கிக் கழகத்தாரும் நானும் கப்பல்துறைக் கிராமத்துக்கு அப்பால் ஒரு மண்மேட்டில் சுட்டுப் பழகுவோம். அங்கே நட்டுவைத்த இலக்குத் தாங்கிகளை யானைகள் முதுகு சொறிந்தே சாய்த்துவிட்டன. பஸ்ஸில் கொண்டுபோய் வர மடக்குத் தாங்கி வேண்டும் என்றார்கள். நான் செய்து தருகிறேன் என்று அவசரப்பட்டு ஒத்துக்கொண்டேன்.

மாதிரிக்கு வீட்டிலேயே ஒன்று இருந்தது: மாமாவின் மடக்குச் சாய்மனைக் கதிரை. அவர் கடைக்குப் போன நேரம் கழற்றி அளந்தேன். திரும்பப் பூட்டும்போது பின்தடியை அது பொருந்தும் வெட்டில் சரியாகக் கொளுவவில்லை. மாமா வந்து சாய்ந்தார்; கதிரையும் சாய்ந்தது. எழும்பி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பிள்ளை, கதிரையை ஆர் தொட்டது?" என்று மகளிடம் கேட்டார். அதோடு சரி. முன்பே கதைக்காத மனிதர் இப்போது கோபத்தில் கதைக்கவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரோசத்தோடு வேலையில் இறங்கினேன். நாலு தேக்கங்கால்கள், உச்சியில் மடக்குவதற்குப் பிணைச்சல், கால்கள் அகன்றுவிடாமல் இடையில் கயிறு, முன்னால் இலக்குக் கடதாசி ஒட்டப் பலகை. முதலில் அதுவும் கதிரையைப் போல மல்லாந்தே நின்றது.

"இதில சுடுறதோ, படுக்கிறதோ?" என்றாள் மனைவி.

கயிற்றைச் சுருக்கினேன். நிமிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கச்சான் காற்று மண்ணை வாரி அடித்தது. தாங்கி அசையவில்லை. எல்லாரும் முதுகில் தட்டினார்கள். தலைகால் தெரியாத அந்தப் புளுகத்தில் நான் சுட்டது ஒன்றுகூடக் கடதாசியில் படவில்லை. ஒன்று மட்டும் தாங்கியின் காலைத் துளைத்திருந்தது.

பின்னேரம் முற்றத்தில் அதை விரித்து வைத்தேன். மாமா வந்து உச்சியில் கையூன்றி முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினார். அசையவில்லை. குனிந்து, காலில் இருந்த ஓட்டையைச் சுண்டுவிரலால் தடவினார். மகளைத் தேடினார், அவள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பினார்.

"மருமகன், வேலை நல்லாயிருக்கு. அடுத்தமுறை கடதாசியைக் காலில ஒட்டுங்கோ."

"ஓம் மாமா" என்றேன். சந்தோசத்தில் சிரிக்கவும் மறந்துபோனேன்.