எபிரேய வம்சத்தில் ஒரு கல்யாணம்

சிலருக்குச் சீனி வருத்தம் வருவதுபோல, என் அண்ணருக்கு இளைப்பாறிய காலத்தில் வம்ச வருத்தம் வந்தது. லண்டன் ஹரோவில் கணக்காளராக இருந்தவர். ஒருநாள் பொழுது போகாமல் எங்கள் குடும்பப் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார். எபிரேயப் பெயர், பழைய ஏற்பாட்டில் தொடங்கி ஸ்பெயின், போலந்து, கேரளம் என்று உலகம் முழுக்கப் பரவியது என்று வந்ததாம். அன்றிலிருந்து சூடைமீன் பொரியல் சாப்பிடும்போதுகூட பாலைவனம் கடந்து வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மோர்டனில் பாதிப்பேர் எனக்குப் போன் எடுப்பார்கள். ‘குதிகாலைப் பிடித்தவன்’ என்று அர்த்தமாம். பிடித்ததை விடாத அண்ணருக்கு அது பொருத்தம்தான்.

உண்மை இதைவிடச் சின்னது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்பாவின் பெயரை முன்னுக்குப் போடுவோம், அவ்வளவுதான். எங்கள் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதர் வைத்த பெயர் அது. அண்ணர் குரோய்டனில் அகதியாகப் பதிந்தபோது குடிவரவு அலுவலகக் கவுண்டரில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். இந்தப் பெருவம்சம் பிறந்த இடம் அந்தக் கவுண்டர்தான். பிறகு அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் பரவியது. நான் முதலில் போய் இறங்கியது ஜெர்மனியில். அங்கே என் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது. அதோடுதான் பிறகு லண்டனுக்கு வந்தேன். ஆகவே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான நாங்கள் இரண்டு வேறு வம்சம்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அண்ணர் காதில் வாங்கவில்லை. மோர்டனில் ஒரு மண்டபம் எடுத்து, அந்தப் பெயருள்ள தமிழர் எல்லாரையும் கூப்பிட்டார். கொத்துரொட்டி உண்டு என்றதும் எபிரேயர் குவிந்துவிட்டார்கள். சுவர் நீளத்துக்கு வம்ச மரம் கீறித் தொங்கவிட்டிருந்தார். அதில் எனக்கு இடமில்லை, பெயர் பொருந்தவில்லையாம். கூடப்பிறந்த தம்பி நான் பின்னால் நின்று மைக்குக்கு வயர் இழுத்தேன். பஸ் ஓட்டுகிற மன்னார்க்காரர் ஒருவரை அண்ணர் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, நாங்கள் எல்லாரும் ஒரே இரத்தம் என்றார். அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார். இந்த நாட்டில் தன்னைச் சொந்தம் என்று யாரும் கூப்பிட்டதில்லை என்று சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்.

அவருக்கு ஒரு மகன். அண்ணருக்கு ஒரு மகள். அன்றைக்கு மண்டபத்தில் கதிரை அடுக்கப்போய் இரண்டுபேரும் பழகிவிட்டார்கள். அடுத்த வருடம் கல்யாணம் செய்யப்போவதாக மகள் வீட்டில் சொன்னாள்.

அண்ணர் ஒரேயடியாக மறுத்தார். அந்தப் பெடியன் அவளுக்குச் சகோதர முறையாம். ஒரே வம்சத்துக்குள் கட்ட ஏலாதாம். மரத்தை விரித்து, கிளையைத் தொட்டுக் காட்டினாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு அண்ணி ரகசியமாகப் போன் எடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. மரத்தை விரிப்பதற்கு முதல் அண்ணர் பெடியனின் தகப்பனோடு கதைத்திருக்கிறார். அவருடைய தகப்பனைச் சேமக்காலையில் எந்தப் பக்கம் அடக்கம் செய்தது என்று விசாரித்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கோயிலில் எல்லாரும் ஒரே நற்கருணை வாங்குவோம். செத்தபிறகு சாதிக்கு ஒரு பக்கமாய்ப் படுப்போம். சாதி என்ன என்று கேட்க வெட்கப்படுகிற கனவான்கள் கல்லறை எங்கே என்று கேட்பார்கள். அந்த அப்பாவி மனிதரோ, மரத்தில் எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஆசையாகச் சொல்லியிருக்கிறார்:

“அப்பாவை அடக்கம் செய்யேல்லை அண்ணை. சண்டைக்குள்ள கடலுக்குத் தொழிலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை.”

அண்ணருக்குச் சாதியைப் பிடிக்கக் கடல் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அதற்குப் பிறகுதான் சகோதர முறை வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மகளுக்கும் அண்ணி சொல்லியிருந்தார். அவள் அசையவில்லை. எங்கள் கோயில் பாதரிடம் போனாள். கல்யாணத்துக்கு முதல் பாதர் விசாரிப்பதும், பெண்பக்கத்தில் ஒருவர் தடை ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போடுவதும் வழக்கம். அவள் தகப்பனைத்தான் போடச் சொன்னாள். பாதர் தன் பக்கம் நின்று கல்யாணத்தை நிறுத்துவார் என்ற நம்பிக்கையில் அண்ணரும் மரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். கார் ஓட்டியது நான். உள்ளேயும் போனேன், விடுவேனா?

பாதர் அயர்லாந்துக்காரர். இரண்டு பெயரும் ஒன்றாயிருப்பதைப் பார்த்து, இரத்த உறவு உண்டா என்று கேட்டார். உண்டென்றால் ஆயருக்கு எழுதவேண்டும், எந்தப் பாட்டன் பொதுப் பாட்டன் என்று சத்தியம் பண்ணிச் சொல்லவேண்டும் என்றார். மரத்தை விரிக்கப்போன அண்ணரின் கை அப்படியே நின்றது. மேடையில் எதையும் அளப்பார்; பாதருக்கு முன்னால் சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல அவரால் முடியாது.

“சொந்தம் ஒண்டும் இல்லை, பாதர்” என்று இங்கிலிசில் சொன்னார்.

அப்படியென்றால் தடை வேறு என்ன என்று பாதர் கேட்டார். அண்ணர் மரத்தைத் திரும்பக் கக்கத்தில் செருகினார். மகள் அவர் பக்கம் திரும்பி, சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

“சேமக்காலைக் கதையைச் சொல்லுங்கோ அப்பா. இங்கிலிசில சொல்ல வெட்கமெண்டால் நான் சொல்லுறன்.”

தடை ஒன்றும் இல்லை என்றார் அண்ணர். பாதர் பேனையை நீட்டினார். கையெழுத்து வைக்கும்போது கக்கத்திலிருந்த மரம் நழுவிக் கீழே விழுந்தது. மகள் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, அவரிடம் கொடுத்தாள்.

“இனித்தான் அப்பா, அவர்கள் எங்கட சொந்தம்.”