மென்பொருள் என்றால் கம்பளி இல்லை

போன வாரம் கண்டி பஸ் நிலையத்தில், போன் திருத்தும் ஒரு பெட்டிக்கடையைத் தாண்டும்போது ஈயம் உருகும் வாசம் வந்தது. கூடவே பிசின் கருகும் வாசம், சாம்பிராணிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. கால் கண்டியில் நின்றுவிட்டது. மூக்கு மட்டும் ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டது.

ஹட்டன் கடைத்தெருவில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் போன் கடைக்கு இதே வாசம்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே மூன்று பேர் கூடுவோம். நானா போன் திருத்துவார். வட்டகொடையிலிருந்து ரயிலில் வரும் கணக்கு வாத்தியார், சிவப்புச் சட்டை இல்லாத நாளிலும் சிவப்பாகவே இருப்பார். மூன்றாவது ஆள் நான். கவிதை எழுதுகிறேன், மற்றபடி தொந்தரவில்லாதவன்.

மூவரும் சேர்ந்து போனுக்கு ஒரு கீபோர்ட் செய்துகொண்டிருந்தோம். காரணம் எளிது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பதற்குப் பேர் பெரட்டு. அதை அடித்தால் போன் தானாகத் திருத்தி ‘புரட்டு’ என்று போட்டது.

“அது பிழையில்ல தோழர், அரசியல் விமர்சனம்” என்றார் வாத்தியார்.

எங்கள் கீபோர்டுக்குள் இருந்த சொற்பட்டியல் என்னுடையது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக, பஸ் பஸ்ஸாக, வருஷக்கணக்கில் காதால் பொறுக்கியது. நிரல் எழுதியவர்கள் அவர்கள் இருவரும். இதைக் கட்டற்ற மென்பொருளாக ஊருக்கே விட்டுவிட வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே மனசு. ஏன் என்று கேட்டால்தான் வம்பு.

“உற்பத்திக் கருவி தொழிலாளி கையில. மார்க்ஸியம் இப்பதான் சரியா ஓடுது, அதுவும் பழைய லேப்டாப்புல” என்பார் வாத்தியார்.

“போங்க சார். இதுதான் அசல் திறந்த சந்தை. பெரிய கம்பெனி கதவப் பூட்டேலாது. சாமான் சும்மா, என்ட கை வேலைக்குக் கூலி” என்பார் நானா.

ஒரே சாமிக்கு ரெண்டு கோயில் கமிட்டி. இரண்டு பேரும் ஒரே நிரலைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். என்னிடம் கொள்கை கிடையாது. என் கவிதைகளை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பரப்பலாம் என்று இருபது வருஷமாகத் திறந்தே வைத்திருக்கிறேன். ஒருத்தரும் தொட்டதில்லை.

சண்டை உரிமத்தில் வந்தது. எடுத்து மாற்றுகிறவன், மாற்றியதையும் ஊருக்குத் திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போடச் சொன்னார் வாத்தியார். நிபந்தனை போட்டால் அதென்ன சுதந்திரம் என்றார் நானா. சொற்கள் என்னுடையவை என்பதால் முடிவு என் கழுத்தில் விழுந்தது. நான் ‘அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு’ என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒருவர் பக்கம் சாய்ந்தால் மற்றவர் போய்விடுவார். ஒரு சுழிக்காக என்னோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்ட இந்த மலையில் வேறு யார் இருக்கிறார்கள்?

உரிமம் முடிவாகாமலே வெளியீட்டுக்கு நாள் வைத்தோம். கொட்டகலையில் ஒரு சின்ன மண்டபம். நோட்டீஸில் ‘கட்டற்ற’ என்று போடச் சொன்னார் வாத்தியார். “கட்டவுத்துக்கிட்டு ஓடின மாடுன்னு நெனப்பாங்க” என்று நானா ‘இலவச மென்பொருள் வழங்கும் விழா’ என்று அடித்துவிட்டார்.

கூட்டம் தாங்கவில்லை. குளிர் காலம் வேறு. கொழுந்து பறிக்கும் பெண்கள் பெரிய பெரிய பைகளோடு வந்து முன்வரிசையைப் பிடித்தார்கள். என் சொல்லுக்கு இவ்வளவு பேரா என்று ஒரு கணம் எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

“எப்பங்க குடுப்பீங்க?” என்றார் ஓர் அக்கா.

“என்னத்தங்க?”

“மென்மையான பொருளு. இலவசமா கம்பளி குடுக்குறாங்கன்னு எங்க லயமே பேசுது.”

வாத்தியார் நானாவைப் பார்த்த பார்வையில் ஈயம் உருகியிருக்கும். ஆனாலும் மனுஷர் மேடையேறி விளக்கினார். இது போனில் போடுவது, யாரும் எடுக்கலாம், யாருக்கும் குடுக்கலாம். பாதிப் பைகள் மடிந்து வெளியே போயின. அந்த அக்கா போகவில்லை.

“யாரு வேணும்னாலும் எடுக்கலாம்னா, தோட்டத்துத் தொரையும் எடுக்கலாமுங்களா?”

“தாராளமா எடுக்கலாம்” என்றார் நானா.

“எடுக்கலாம். ஆனா மாத்தினா, மாத்தினத நமக்கும் திருப்பித் தரணும்” என்றார் வாத்தியார்.

“தொர எடுத்தத திருப்பிக் குடுத்து நீங்க பாத்திருக்கீங்களா சார்?”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்து, உட்கார்ந்த கதிரைகளை அடுக்கும்போது வாத்தியார் நானாவைப் பிடித்துக்கொண்டார். “அந்தம்மா கேட்டது உங்களப் பாத்துத்தான் நானா. நிபந்தனை இல்லாம விட்டா நாளைக்கே ஒரு கம்பெனி அள்ளிக்கிட்டுப் போயிரும்.”

“அள்ளட்டும் சார். நம்மட்ட உள்ளது கொறயுமா? நிபந்தனை நிபந்தனைன்னு நீங்கதான் தொர மாதிரி நிக்கிறீங்க.”

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வாத்தியார் பென் டிரைவை எடுத்து, நானாவின் லேப்டாப்பில் சொருகி, மொத்தத்தையும் நகலெடுத்தார். தனியாகச் செய்யப் போகிறாராம். கட்டற்ற மென்பொருள் உலகில் இதற்குப் பிரிவு என்று பேர், யாரும் செய்யலாம். எங்கள் மலையில் தொழிற்சங்கம் உடைந்தால் கதிரை பறக்கும், ஆபீஸ் சாவிக்கு அடிபிடி நடக்கும். இங்கே திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது. இரண்டு பேரிடமும் முழு கீபோர்ட், ஒரு எழுத்தும் குறையவில்லை. நானா லேப்டாப்பை மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றுகிற சாக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வாத்தியாரோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். மழை விட்டும் விடாமலும் தூறியது. வட்டகொடைப் பக்கம் போகும் ரயில் வந்து நின்றது. வாத்தியார் ஏறி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“நீங்க எந்தப் பக்கம்?”

“ரெண்டுலயும் இருக்கறது என் சொல்லுதானே” என்றேன்.

“அது பதிலில்ல, தோழர்.”